ஃபோல்டரா, மேப்பா? பிரவுசர் எடிட்டரில் டிட்டா கையேடுகளை அடுக்கும் வழிகள்

வேர்டில் எழுதிப் பழகிய ஒரு டாக்குமென்டேஷன் குழு எக்ஸ்எம்எல்லுக்கு (எழுத்தின் பகுதிகளை டேக் எனும் குறிகளால் அடையாளமிடும் வடிவம்) மாறும்போது பேச்செல்லாம் எந்த எடிட்டர் வாங்குவது என்பதில்தான் இருக்கும். டெமோ, விலை, லைசன்ஸ் என்று இரண்டு மாதம் ஓடிவிடும். கடைசியில் ஒரு பிரவுசர் எடிட்டர் வந்து, எல்லோருக்கும் லாகின் கிடைத்து, யாரோ முதல் டாபிக்கை எழுதி சேவ் செய்யப் போகும்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "இதை எங்கே வைக்கிறது?" பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் வாய்க்கு வந்த ஒரு ஃபோல்டர் பெயரைச் சொல்வார். அந்த ஃபோல்டர் ஐந்து வருடம் அங்கேயே இருக்கும்.

எடிட்டரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஃபைல்களை அடுக்கிய விதத்தை மாற்றுவதுதான் கஷ்டம், ஏனென்றால் அதற்குள் ஆயிரக்கணக்கான லிங்க்குகள் அந்த அடுக்கை நம்பி நின்றுகொண்டிருக்கும். ஆகவே இங்கே நான் ஒப்பிடப் போவது பெரும்பாலும் அடுக்கும் வழிகளை. எடிட்டர்கள் ஊடே வந்து போகும்.

பேசுவதற்கு வசதியாக ஓர் இன்வெர்ட்டர் கம்பெனியை வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரு மாடல், கடைகளுக்குக் கொஞ்சம் பெரியது ஒன்று, சோலார் பேனலோடு ஓடுகிற மாடல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வாங்கியவருக்கு ஒரு கையேடு, டெக்னீஷியனுக்கு ஒரு கையேடு. மொத்தம் ஆறு கையேடு, நான்கு ரைட்டர்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பகுதி மூன்று மாடலுக்கும் ஒன்றேதான். ஃப்யூஸ் மாற்றுவது இரண்டு மாடலில் ஒரே மாதிரி, மூன்றாவதில் வேறு. பேனல் வயரிங் சோலார் மாடலில் மட்டும். இந்தக் கலவைதான் எல்லாக் குழப்பத்துக்கும் ஊற்று. ஆறும் ஆறு விதமாக இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆறும் ஒன்றாக இருந்தாலும் இல்லை.

எழுதுவது டிட்டாவில் என்று வைத்துக்கொள்கிறேன். ஐபிஎம்மில் பிறந்து, 2005-இல் ஒயாசிஸ் அமைப்பின் தரமாக வெளிவந்த எக்ஸ்எம்எல் வகை இது. பெயரின் முதல் எழுத்து சார்லஸ் டார்வினுடையது. ஒரு வகையிலிருந்து இன்னொரு வகை கிளைத்து வரலாம், தாய் வகையின் குணங்கள் அதில் தங்கும் என்பதற்காக அந்தப் பெயர். நமக்கு வேண்டியது இரண்டு சொல். டாபிக் என்பது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கும் சின்ன ஃபைல். மேப் என்பது எந்த டாபிக் எந்த வரிசையில், எதற்குக் கீழே வரும் என்று மட்டும் சொல்கிற இன்னொரு ஃபைல். மேப்பைப் பப்ளிஷ் செய்தால் கையேடு வரும்.

ஆக, இரண்டு ஒழுங்கு இருக்கிறது. படிப்பவருக்கான வரிசை மேப்பில். எழுதுபவருக்கான இடம் ஃபோல்டரில். வேர்டில் இந்த இரண்டும் ஒன்றாகவே இருந்தன, அதனால் யாரும் யோசித்ததில்லை. புதிதாக வருகிறவர்கள் ஃபோல்டரைப் பார்த்தால் கையேடு தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது இந்தப் பழக்கத்தால்தான்.

மாடலுக்கு ஒரு ஃபோல்டர்

எல்லோருக்கும் தானாகத் தோன்றும் வழி இது. வீட்டு மாடல், கடை மாடல், சோலார் மாடல் என மூன்று ஃபோல்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் அதன் மேப், டாபிக்குகள், படங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு விளக்கவே வேண்டாம். யார் எதைத் தொடலாம் என்று அனுமதி கொடுப்பது சுலபம். ஒரு மாடல் நின்றுபோனால் ஃபோல்டரை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

சிக்கல் டிஸ்டில்டு வாட்டரில் ஆரம்பிக்கும். அந்த டாபிக் எந்த ஃபோல்டரில் இருப்பது? மூன்றிலும் காப்பி எடுத்து வைக்கலாம். அல்லது வீட்டு மாடல் ஃபோல்டரில் வைத்து மற்ற இரண்டு மேப்பும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் வீட்டு மாடல் நின்றுபோன பிறகும் அந்த ஃபோல்டரை யாரும் அழிக்க முடியாது, ஏன் இருக்கிறது என்றும் யாருக்கும் தெரியாது. அல்லது 'பொது' என்று நான்காவதாக ஒரு ஃபோல்டர். பெரும்பாலானவர்கள் கடைசியில் இங்கேதான் வருகிறார்கள். இரண்டு வருடத்தில் பொது ஃபோல்டர்தான் மிகப் பெரிய ஃபோல்டராக இருக்கும், அதற்குள் எந்த ஒழுங்கும் இருக்காது. வீட்டுப் பரண் மாதிரி.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் காப்பி எடுக்கும் வழியில் போனோம். பேட்டரி கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் எடுக்க வேண்டும் என்ற வரிசை ஒரு கையேட்டில் தப்பாக இருந்தது. சர்வீஸ் ஆள் ஒருவர் போன் செய்து சொன்னார், திருத்தினோம். நான்கு மாதம் கழித்து அதே மனிதர் மறுபடி போன் செய்தார்: இன்னொரு மாடலின் கையேட்டில் அதே தப்பு. காப்பி எத்தனை இருக்கிறது என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம். ஐந்து. அதில் மூன்று ஏற்கெனவே ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டிருந்தன, யார் எப்போது மாற்றியது என்று யாருக்கும் நினைவில்லை.

இருந்தாலும் இந்த வழியை அடியோடு தள்ள மாட்டேன். கம்பெனி இன்வெர்ட்டரும் தையல் மெஷினும் செய்கிறது என்றால் அவற்றுக்கிடையே பகிர்வதற்கு முகவரிப் பக்கத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. அங்கே மாடல்வாரி ஃபோல்டர்தான் சரி. இரண்டு தனித்தனிக் குழுக்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்கிற இடத்திலும் இதுவே நிம்மதி.

வகைவாரியாக

டிட்டா பயிற்சிக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவருவது இந்த யோசனை. விளக்கம் சொல்லும் டாபிக் ஒரு வகை, செய்முறை ஒரு வகை, குறிப்புத் தகவல் ஒரு வகை என்று டிட்டா பிரிக்கிறது: கான்செப்ட், டாஸ்க், ரெஃபரன்ஸ். அதே பெயரில் மூன்று ஃபோல்டர் போட்டுவிடலாமே என்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

ஒரு டாபிக் என்ன வகை என்பது அந்த ஃபைலின் முதல் டேக்கிலேயே இருக்கிறது. ஃபோல்டர் அதையே திரும்பச் சொல்கிறது. பேட்டரி பற்றித் திருத்த வேண்டியவர் மூன்று ஃபோல்டரைத் திறக்க வேண்டும். பிரவுசரில் ஒவ்வொரு ஃபோல்டரும் சர்வரிடம் கேட்டு வருவதால் இந்த அலைச்சல் நன்றாகவே உறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வகை மாறும். முதலில் விளக்கமாக எழுதியதை ரிவ்யூவுக்குப் பிறகு செய்முறையாக மாற்றுவது வாரம் ஒருமுறை நடக்கும் வேலை. மாற்றினால் ஃபைலையும் நகர்த்த வேண்டும். நகர்த்தினால் அதைச் சுட்டிய லிங்க்குகள் அறுந்து போகும். ஒன்றும் கிடைக்காத ஓர் ஒழுங்குக்காக அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

விஷயவாரியாக

மூன்றாவது வழியில் ஃபோல்டர்கள் கருவியின் பாகங்களையும் வேலைகளையும் ஒட்டி இருக்கும்: பேட்டரி, வயரிங், டிஸ்ப்ளேயும் அலாரமும், சோலார் பேனல், பாதுகாப்பு, வாரண்டி. எந்த மாடல் என்ற கேள்வியே இங்கே கிடையாது. ஆறு மேப்புகளும் தனியாக ஒரு ஃபோல்டரில் இருக்கும். எச்சரிக்கை வாக்கியங்கள், திரும்பத் திரும்ப வரும் படிகள் எல்லாம் 'கிடங்கு' என்ற ஒரு சின்ன ஃபோல்டரில். அவ்வளவுதான்.

இதற்கு ஓர் உண்மையான எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் டிட்டா ஓபன் டூல்கிட்டின் சொந்த டாக்குமென்டேஷனைப் பாருங்கள். டிட்டாவை எச்டிஎம்எல்லாகவும் பிடிஎஃப்பாகவும் மாற்றித் தரும் இலவசக் கருவி அது. அதன் கையேடும் டிட்டாவிலேயே எழுதப்பட்டு கிட்ஹப் என்ற இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. டாபிக்குகள் ஒரு பக்கம், மறுபயன்பாட்டுக்கானவை ஒரு பக்கம் என்று பிரித்து, வலைத்தளத்துக்கும் புத்தக வடிவுக்கும் அதே டாபிக்குகளை வெவ்வேறு மேப்பில் கோத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் அதைத் திறந்து பார்த்தால் பல சந்தேகங்கள் தீரும்.

இந்த வழியை நான் விரும்புவதற்குக் காரணம் எளிது. மாடலின் பெயரை மார்க்கெட்டிங் ஆட்கள் மாற்றுவார்கள். டாபிக்கின் வகையை ரைட்டர் மாற்றுவார். ஆனால் பேட்டரி எப்போதும் பேட்டரிதான். ஃபைல் எங்கே இருக்கிறது என்பதை மாறாத ஒன்றோடு கட்டினால் நகர்த்த வேண்டிய தேவை குறையும். அப்புறம், பேட்டரி பற்றித் தெரிந்த இன்ஜினியர் ஒருவர்தான் இருப்பார். அவருக்கு ஒரு ஃபோல்டர். அதில் எது மாறினாலும் அவர் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். பிரவுசர் எடிட்டர் வாங்குவதே பாதி இதற்குத்தான்: இன்ஜினியர் எதையும் இன்ஸ்டால் செய்யாமல் ஒரு லிங்க்கைத் திறந்து கருத்து எழுதிவிட்டுப் போகலாம்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. "சோலார் மாடலுடைய ஃபைல் எல்லாம் எங்கே?" என்று மேனேஜர் கேட்டால் காட்ட ஒரு ஃபோல்டர் கிடையாது, மேப்பைத் திறந்து காட்ட வேண்டும், அவர் முகம் சுளிப்பார். வீட்டு மாடலுக்காக ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் அது சோலார் கையேட்டிலும் மாறும். திருத்துவதற்கு முன் இந்த டாபிக் எந்தெந்த மேப்பில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் நான்கு பேருக்கும் வர வேண்டும். அது வர ஆறு மாதம் ஆகும், இடையில் இரண்டு சண்டை நடக்கும்.

சிறு வேறுபாடுகளை எப்படிக் கையாள்வது?

ஃப்யூஸ் மாற்றுவது இரண்டு மாடலில் ஒரு மாதிரி, மூன்றாவதில் வேறு மாதிரி என்றேன். இதற்கு ஒரே டாபிக் எழுதி, மாறும் படிகளுக்கு மட்டும் 'புராடக்ட்' அட்ரிபியூட், அதாவது எந்த மாடலுக்கு என்று சொல்லும் குறி போட்டு, பப்ளிஷ் செய்யும்போது எதை விலக்குவது என்று சொல்லும் டிட்டாவேல் ஃபைலால் வடிகட்டலாம். அல்லது இரண்டு தனி டாபிக் எழுதி, பொதுவான படிகளைக் கிடங்கிலிருந்து கான்ரெஃப் என்ற டிட்டா வசதி மூலம் இழுத்துக்கொள்ளலாம்.

நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: எட்டுப் படியில் ஒன்றிரண்டு மாறினால் வடிகட்டுங்கள், பாதிக்கு மேல் மாறினால் இரண்டாக எழுதுங்கள். வடிகட்டும் குறிகள் நிறைந்த டாபிக்கை எடிட்டரில் படித்துப் பார்த்தால் அது எந்த மாடலைப் பற்றியது என்றே புரியாது. எழுதுபவருக்கே புரியாததை ரிவ்யூ செய்கிற இன்ஜினியர் எப்படிச் சரிபார்ப்பார்?

வடிகட்டலில் ஒரு நுணுக்கம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. ஒரு பத்திக்கு வீட்டு மாடல், கடை மாடல் என்று இரண்டு மதிப்பு கொடுத்திருந்தால், வீட்டு மாடலை மட்டும் விலக்கினால் அந்தப் பத்தி போகாது. கொடுத்த மதிப்புகள் எல்லாமே விலக்கப்பட்டால்தான் போகும். குறி எதுவும் இல்லாத பத்தி எல்லாக் கையேட்டிலும் வரும். அதாவது, குறி போட மறந்தால் தகவல் குறையாது, அதிகமாகும். சோலார் வயரிங் பத்தி வீட்டுக் கையேட்டில் வந்து நிற்கும்.

மென்பொருள் மாதிரி வெர்ஷன்கள் இருந்தால் அவற்றையும் அட்ரிபியூட்டில் திணிக்காதீர்கள். அதற்கு, ஃபைல்களின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட் என்ற மென்பொருளின் பிராஞ்ச் (தனிக் கிளைப் பிரதி) இருக்கிறது.

இடத்தைச் சொல்லாமல் பெயரைச் சொல்வது

எந்த வழியை எடுத்தாலும் இந்த ஒன்றைச் செய்யாவிட்டால் வருந்துவீர்கள். ஒரு டாபிக்கிலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் கொடுக்கும்போது ஃபைல் இருக்கும் பாதையை எழுதுவது பழைய முறை: இரண்டு ஃபோல்டர் மேலே போய், பேட்டரிக்குள் நுழைந்து, இந்த ஃபைல். பாதை மாறினால் எல்லாம் போச்சு. 2010-இல் வந்த டிட்டா 1.2 இதற்குக் கீ என்ற வசதியைக் கொண்டுவந்தது. 'டிஸ்டில்டு-வாட்டர்' என்று ஒரு பெயரை மேப்பில் அறிவித்து, அது எந்த ஃபைல் என்று அங்கே ஒரே ஒருமுறை சொல்லிவிடலாம். டாபிக்குகள் எல்லாம் அந்தப் பெயரையே கூப்பிடும். ஃபைலை நகர்த்தினால் மேப்பில் ஒரு வரி மாற்றினால் போதும்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. 'ஃப்யூஸ்-மாற்றுவது' என்ற கீ வீட்டு மேப்பில் ஒரு ஃபைலையும் சோலார் மேப்பில் வேறொரு ஃபைலையும் காட்டலாம். பாதுகாப்பு டாபிக் எழுதியவருக்கு அந்தக் கவலையே வேண்டாம். எந்தக் கையேட்டில் வருகிறதோ அதற்குரிய பக்கத்துக்கு லிங்க் தானாகப் போகும். ஒரே கீ இரண்டு இடத்தில் அறிவிக்கப்பட்டிருந்தால் மேலே முதலில் இருப்பதுதான் செல்லும். ஆகவே மாடலுக்குரிய கீக்களை மேப்பின் தலையில் வையுங்கள், பொதுவானவற்றைக் கீழே. 2015-இல் வந்த 1.3, ஒரே மேப்பின் வெவ்வேறு கிளைகளில் ஒரே கீக்கு வெவ்வேறு பொருள் தர வழி செய்தது. மூன்று மாடலையும் ஒரே பெரிய கையேடாகப் போட நினைத்தால் மட்டும் அது வேண்டியிருக்கும்.

மாடல் பெயரையும் கீயில் வைக்கலாம் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்லித் தருவார்கள். ஆங்கிலத்துக்கு அது பிரமாதம். கையேடு தமிழிலும் வரப் போகிறது என்றால் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். நம் மொழியில் பெயர்ச்சொல் தனியாக நிற்காது, உருபு ஒட்டும். 'இன்வெர்ட்டர்' என்றால் 'இன்வெர்ட்டரை'. 'பேட்டரி' என்றால் 'பேட்டரியை'. 'யூனிட்' என்றால் 'யூனிட்டை'. கீயில் இருக்கும் பெயர் மாறினால் ஒட்டும் எழுத்தும் மாற வேண்டும், எக்ஸ்எம்எல்லுக்கு அது தெரியாது. 'பேட்டரிஐ' என்று அச்சாகி வந்த கையேட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பெயருக்குப் பின்னால் 'என்ற கருவியை' என்று போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் பத்து வரிக்குள் அது அரசாணை வாசிப்பது போலாகிவிடும். என் பழக்கம்: தமிழுக்குப் போகும் டாபிக்குகளில் சொல்லைப் பகிர்வதில்லை, முழு வாக்கியத்தை, முழுப் படியைப் பகிர்வேன். 'இந்த இன்வெர்ட்டரை' என்று எழுதினால் பாதி இடத்தில் மாடல் பெயரே தேவைப்படாது.

பிரவுசரில் வரும் தனித் தொல்லைகள்

டெஸ்க்டாப் எடிட்டரில் பழகியவர்கள் இங்கே வந்து தடுமாறும் இடங்கள் சில உண்டு. நான் அதிகம் பயன்படுத்தியது ஆக்ஸிஜன் எக்ஸ்எம்எல் வெப் ஆத்தர். ருமேனியாவின் கிரயோவாவில் இருக்கும் சிங்க்ரோ சாஃப்ட் செய்வது. இதுபோன்ற எடிட்டருக்குச் சொந்தமாக அலமாரி கிடையாது. ஃபைல்கள் கிட்ஹப்பிலோ, கிட்லேபிலோ, ஒரு வெப்டேவ் (இணையம் வழியாக ஃபைல்களைக் கையாளும் முறை) சர்வரிலோ, எழுத்துகளைச் சேமித்து நிர்வகிக்கும் வேறொரு சிஎம்எஸ்ஸிலோ இருக்கும். எடிட்டர் அங்கிருந்து எடுத்துக் காட்டித் திரும்ப வைக்கும். அதனால் ஃபைலை நகர்த்துவது, பெயர் மாற்றுவது, எங்கெல்லாம் பயன்படுகிறது என்று தேடுவது எல்லாம் பின்னால் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டெஸ்க்டாப் ஆக்ஸிஜனில் பெயர் மாற்றும்போது அதைச் சுட்டும் லிங்க்குகளையும் சேர்த்துத் திருத்தச் சொல்ல முடியும். பிரவுசரிலும் அப்படியே நடக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். பெரிய நகர்த்தல்களுக்கு ஒருவரிடமாவது டெஸ்க்டாப் லைசன்ஸ் இருப்பது நல்லது.

கீ வைத்து எழுதிய டாபிக்கை மேப் இல்லாமல் தனியாகத் திறந்தால் லிங்க்குகளும் பகிர்ந்த படிகளும் தெரியாது. கீ எதைக் காட்டுகிறது என்று மேப்புக்குத்தானே தெரியும்? ஆகவே இன்ஜினியருக்கு ரிவ்யூ லிங்க் அனுப்பும்போது எந்த மேப்பின் சூழலில் திறக்க வேண்டும் என்பதும் அந்த லிங்க்கில் இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் முதல் வாரம் நாங்கள் அனுப்பிய லிங்க்குகளைத் திறந்த ஒரு மூத்த இன்ஜினியர், "பாதி காணோமே, எழுதி முடிச்சுட்டு அனுப்புங்க தம்பி" என்று பதில் போட்டார்.

ரிவ்யூ விஷயத்தில் இன்னும் ஆழமான ஒரு பள்ளம் இருக்கிறது. ஆக்ஸிஜனில் டிராக் சேஞ்சஸ் போட்டு எழுதினால் அந்தத் திருத்தங்கள் அந்த எக்ஸ்எம்எல் ஃபைலுக்குள்ளேயே குறிப்புகளாகப் பதிவாகும். சேர்த்த சொற்கள் ஃபைலில் சாதாரணச் சொற்களாகவே இருக்கும், அவற்றைச் சுற்றி ஒரு குறி. நீக்கிய சொற்கள் குறிக்குள் போய்விடும். அந்த நிலையில் பப்ளிஷ் செய்தால், குறிகளைக் காட்டச் சொல்லித் தனியாக அமைக்காதவரை, எல்லாத் திருத்தமும் ஏற்கப்பட்டது போலவே வெளியே வரும். தனித்தனி ஃபோல்டரில் காப்பி வைத்திருந்தவரை இது யாரையும் பாதித்திருக்காது. விஷயவாரியாகப் பகிர ஆரம்பித்ததும், சோலார் கையேட்டுக்காக ரிவ்யூவில் இருக்கும் பேட்டரி டாபிக், நாளை வெளியாகும் வீட்டுக் கையேட்டுக்குள் அரைகுறையாகப் புகுந்துவிடும். பகிர்ந்த டாபிக்குகளின் ரிவ்யூவை எப்போதும் தனிப் பிராஞ்சில் நடத்துங்கள். முடிந்த பிறகே முதன்மைப் பிரதியோடு மெர்ஜ். விஷயவாரி அடுக்குக்கு இது கட்டாயம்.

சின்னத் தொல்லை ஒன்று: விண்டோஸில் படத்தின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது; சர்வர் லினக்ஸ் என்றால் பார்க்கும். ரைட்டரின் கம்ப்யூட்டரில் தெரிந்த படங்கள் பிரவுசரில் காணாமல் போவதற்குப் பத்தில் எட்டு முறை இதுதான் காரணமாக இருந்தது, என் அனுபவத்தில். ஃபைல் பெயர் எல்லாம் சின்ன ஆங்கில எழுத்து, இடைவெளி இல்லை, நடுவில் கோடு என்று முதல் நாளே சட்டம் போட்டுவிடுங்கள்.

வேறு இரண்டு பாதைகள்

விமானத் துறை இந்தக் கேள்வியை வேறு விதமாகத் தீர்த்துவிட்டது. எஸ்1000டி என்ற அவர்களுடைய தரத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நீண்ட எண் உண்டு. அந்த எண்ணிலேயே எந்த அமைப்பு, எந்தப் பாகம், என்ன வேலை என்பது அடங்கும். 32 என்றால் லேண்டிங் கியர். தகவல் குறியீடு 520 என்றால் கழற்றுவது, 720 என்றால் பொருத்துவது. துண்டுகள் எல்லாம் ஒரு பொது டேட்டாபேஸில் கிடக்கும். இடம் என்ற பேச்சே இல்லை, எண்தான் அடையாளம். பல நாட்டுக் கம்பெனிகள் சேர்ந்து செய்து, முப்பது நாற்பது வருடம் பறக்கும் பொருளுக்கு இது பொருத்தம். இன்வெர்ட்டருக்கு இதைக் கொண்டுவந்தால் எண் கொடுக்கவே ஓர் ஆள் வைக்க வேண்டியிருக்கும். ஆனால் அதிலிருக்கும் நுட்பத்தைத் திருடலாம்: விஷயம், வேலை என்ற வரிசையில் ஃபைலுக்குப் பெயர் வைத்தால், 'பேட்டரி-கழற்றுவது', 'பேட்டரி-பொருத்துவது' என்று பட்டியலில் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

இன்னொரு பாதை, எழுதும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றாக வரும் முழு அமைப்பு. ஹெரெட்டோ டிட்டாவில் இயங்குவது; ஸ்வீடனைச் சேர்ந்த பாலிகோ டாக்புக் என்ற இன்னொரு எக்ஸ்எம்எல் வகையை அடிப்படையாகக் கொண்டது. டாக்புக் 1991-இலேயே தொடங்கியது, டிட்டாவுக்கு மூத்தது. இங்கே ஒவ்வொரு டாபிக்கையும் அமைப்பு தன் எண்ணால் அறியும். ஃபோல்டரை எப்படி மாற்றினாலும் லிங்க் அறாது. எங்கெல்லாம் பயன்படுகிறது என்று கேட்டால் உடனே சொல்லும். மொழிபெயர்ப்பில் எது பழையதாகிவிட்டது என்பதையும் அதுவே கணக்கு வைக்கும். நான் மேலே எழுதிய பாதிக் கவலைகள் இங்கே கிடையாது.

பதிலுக்கு வருடாவருடம் ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா. உங்கள் எழுத்து அவர்களுடைய சர்வரில். எக்ஸ்எம்எல்லாக வெளியே எடுக்க முடியும் என்றாலும், எடுத்தது வேறு இடத்தில் அப்படியே போய் உட்காரும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். கிட் என்றாலே மிரளும் ரைட்டர்கள், உதவிக்கு ஒரு டெவலப்பர்கூட இல்லாத குழு, ஐந்தாறு மொழி என்றால் நான் யோசிக்காமல் இதற்குப் போகச் சொல்வேன். ஒரு மொழி, இரண்டு மொழி, பக்கத்து அறையில் கிட் தெரிந்த இரண்டு பேர் என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

இன்வெர்ட்டர் கம்பெனிக்கு

நான்கு ரைட்டர், ஆறு கையேடு, ஆங்கிலமும் தமிழும். கிட்டின் மேல் ஓடும் ஒரு பிரவுசர் எடிட்டர், விஷயவாரி ஃபோல்டர், கையேட்டுக்கு ஒரு மேப், லிங்க் எல்லாம் கீ வழியாக. இதைத்தான் சொல்வேன். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மேல் மட்டத்தில் இரண்டு ஃபோல்டர் போட்டு, உள்ளே ஒரே மாதிரி அடுக்கு, ஒரே ஃபைல் பெயர். மேப்பில் பாதைகள் ஒன்றாக இருப்பதால் மொழிபெயர்ப்பாளர் மேப்பின் தலைப்புகளை மட்டும் தமிழாக்கினால் போதும்.

அடுத்த வருடம் தையல் மெஷினும் செய்யப் போகிறார்கள் என்றால் அதற்குத் தனி ரெப்போ (கிட்டில் ஒரு தனிச் சேமிப்பிடம்). இரண்டுக்கும் பொதுவான நான்கு பக்கத்துக்காக ஒன்றாகக் கட்ட வேண்டாம். அந்த நான்கு பக்கத்தைக் காப்பி எடுங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

வேர்டிலிருந்து வரும் பழைய கையேடுகளை ஒரே மூச்சில் உடைக்காதீர்கள். முதலில் பேட்டரி ஃபோல்டரை மட்டும் எடுங்கள், ஏனென்றால் அதில்தான் பகிர்வு அதிகம். ஆறு கையேட்டிலும் பேட்டரி பற்றி இருப்பதையெல்லாம் அடுத்தடுத்து வைத்துப் படித்து, எது உண்மையில் ஒன்று, எது ஒன்று போலத் தோன்றுவது என்று இன்ஜினியரோடு உட்கார்ந்து பிரியுங்கள். இரண்டு வாரம் ஆகும். அதில் கிடைக்கும் முரண்பாடுகளின் பட்டியலை மேனேஜரிடம் கொடுத்தால், ஃபோல்டர் எங்கே என்று அவர் மறுபடி கேட்க மாட்டார்.

எடிட்டர் இன்னும் வாங்கவில்லை என்றால் டெமோவில் ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். மூன்று மேப்பில் பயன்படும் ஒரு டாபிக்கை எடுத்து, வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி, பெயரையும் மாற்றி, மூன்று கையேட்டையும் உங்கள் கண் முன்னாலேயே பப்ளிஷ் செய்து காட்டட்டும். விற்க வந்தவர் அந்த இடத்தில் ஸ்லைடுக்குத் திரும்பினால், அவர் கிளம்பிய பிறகு நீங்களே டிரையல் கணக்கில் அதைச் செய்து பாருங்கள்.